பழைய வயல்கள், புதிய தாள்கள்

இங்கிலாந்தில் பழம்பொருள் கடைக்குப் போனாலும் சரி, ஏதாவது பழைய மாளிகையை ஒட்டிய பரிசுக்கடைக்குப் போனாலும் சரி, ஜான் ஸ்பீட்டின் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வரைபடம் ஒன்று சட்டம் போட்டுச் சுவரில் தொங்கும். 1611, 1612 வாக்கில் வெளிவந்த தொகுப்பிலிருந்து எடுத்த நகல். தாள் டீ கொட்டிய நிறத்தில் இருக்கும், ஓரங்கள் லேசாகக் கருகியிருக்கும். இந்தப் பழுப்பெல்லாம் அச்சகத்தில் ஏற்றியது. கந்தல் துணியைக் கூழாக்கிச் செய்த அந்தக் காலத்துத் தாள், நானூறு வருஷம் கழித்தும் நல்ல பாதுகாப்பில் இருந்தால் வெளிறிய பால் நிறத்திலேயே இருக்கிறது. கையில் பூதக்கண்ணாடி இருந்தால் ஓர் ஆற்றின் மேல் வைத்துப் பாருங்கள். செப்புத் தகட்டில் கீறி அச்செடுத்த கோடு முழுக் கருப்பாக இருக்கும், ஒரு முனையில் தடித்து மறுமுனையில் இழையாக மெலியும். நகலில் பெரும்பாலும் வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மூலத்தில் தகடு அழுந்திய பள்ளம் படத்தைச் சுற்றிலும் விரலுக்குத் தட்டுப்படும். நகலில் அது கிடையாது.

நகலை மூலம் மாதிரி காட்ட இவ்வளவு மெனக்கெடுகிறார்களே என்றுதான் எனக்கு ஆதங்கம். நகல் என்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. மூல வரைபடம் ஆவணக் காப்பகத்தில் குளிரூட்டிய அறைக்குள் இருக்கும். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சேற்றில் நடக்க முடியாது, பென்சிலால் குறி போட முடியாது. வரைபடம் எதற்காகப் பிறந்ததோ அந்த வேலையை இன்று செய்வது நகல்தான். அதனிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்று: எந்தப் பிரதியிலிருந்து, எந்த ஆண்டு அச்சிலிருந்து எடுத்தோம், அளவைப் பெருக்கினோமா குறுக்கினோமா என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தாள் சுவருக்கு அலங்காரமாக இருக்கலாம், ஊரைப் படிக்க உதவாது.

ஸ்பீட்டே ஒரு வகையில் நகலெடுத்தவர்தான். தொழிலில் தையல்காரர். அவருக்கு முன்னால் கிறிஸ்டோபர் சாக்ஸ்டன் 1570களில் கவுண்டி கவுண்டியாக அளந்து, 1579இல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்குமான தொகுப்பைக் கொண்டுவந்திருந்தார். அதையும் மற்றவர்கள் வரைந்ததையும் எடுத்து, ஊர்களின் குட்டிப் படங்களை மூலைகளில் சேர்த்து, ஆம்ஸ்டர்டாமில் ஹோண்டியஸ் பட்டறையில் தகடு வெட்ட வைத்தார் ஸ்பீட். அடுத்தவர் பயிரில் நான் அரிவாள் வைத்திருக்கிறேன் என்று அவரே ஒளிக்காமல் எழுதியும் வைத்தார். அந்த நேர்மையைத்தான் இன்றைய பதிப்பாளர்களிடமும் கேட்கிறேன்.

அழகு ஒரு பக்கம் இருக்கட்டும், கிராமப்புறத்தைப் பார்க்க சாக்ஸ்டனும் ஸ்பீட்டும் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. குன்றுகள் கரையான் புற்று மாதிரி வரிசையாக நிற்கும். பிரபுக்களின் மான் காடுகளைச் சுற்றி மரப்பட்டி வேலி வரைந்திருக்கும். சாக்ஸ்டனில் சாலைகளே கிடையாது. வயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யார் உழுதார்கள் என்பதெல்லாம் அந்த அளவில் வராது. 1675இல் ஜான் ஓகில்பி சக்கரம் உருட்டி அளந்து, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்று நாடா நாடாவாகப் போட்ட சாலைப் படங்கள் பிரமாதமானவை. ஆனால் அவர் கண் சாலையை விட்டு விலகாது. உழவனின் நிலத்தைத் தேடுகிறவர் இன்னும் நூற்றிருபது வருஷம் கீழே வர வேண்டும்.

அப்படி வந்தால் ஆர்டினன்ஸ் சர்வே. 1791இல் ராணுவ அளவையாகத் தொடங்கிய அரசு வரைபடத் துறை. அதற்கு விதை போட்டது 1784இல் ஹவுன்ஸ்லோ ஹீத் என்ற வெட்டவெளியில் ஜெனரல் வில்லியம் ராய் அளந்த அடிக்கோடு, அதாவது முக்கோண அளவைக்கு அடிப்படையான முதல் நேர்கோடு. (இதே முறையில்தான் 1802இல் லாம்டன் பரங்கிமலையை ஒட்டி அடிக்கோடு அளந்து இந்தியாவின் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார்.) பிரெஞ்சுப் படை வந்து இறங்கிவிடுமோ என்ற பயம் தென்கடற்கரையில் இருந்ததால் முதலில் கென்ட். 1801 ஜனவரி 1 அன்று கென்ட் வரைபடம் வெளியானது. அடுத்து 1805இல் எசெக்ஸ். இப்படி ஒரு மைலுக்கு ஓர் அங்குல அளவில் வந்த வரிசையைப் பழைய வரிசை என்பார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் முடிய 1870கள் ஆகிவிட்டன. போர்க்காலத்தில், 1811 முதல் 1816 வரை, பொதுமக்களுக்கு விற்கவே இல்லை.

நகல் விஷயத்தில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம் இந்தப் பழைய வரிசையில்தான் இருக்கிறது. 1969இலிருந்து டேவிட் அண்டு சார்ல்ஸ் பதிப்பகம் இதை 97 தாள்களாக மறுபதிப்புச் செய்தது. மேலே முதல் பதிப்பின் மறுபதிப்பு என்று போட்டிருக்கும். விரித்தால் ரயில் பாதைகள் ஓடும்! 1805இல் வெளியான எசெக்ஸில் ரயில் எப்படி வரும்? எசெக்ஸின் கோல்செஸ்டருக்கு ரயில் போனதே 1843இல்தானே.

விளக்கம் செப்புத் தகட்டில் இருக்கிறது. ஒரு முறை வெட்டிய தகட்டை ஆர்டினன்ஸ் சர்வே பல பத்தாண்டுகள் விடாமல் பயன்படுத்தியது. புதிய சாலை வந்தால் தகட்டின் அந்த இடத்தைத் தட்டிச் சமப்படுத்தித் திரும்ப வெட்டுவார்கள். ரயில் வந்தால் கோட்டை மேலேயே கீறிவிடுவார்கள். தகடு தேய்ந்துபோகாமல் இருக்க மின்முலாம் முறையில் அதற்கு இரட்டைத் தகடு எடுத்து அதிலிருந்து அச்சடித்தார்கள். ஆனால் ரயில் சேர்த்த கையோடு வயல்வெளியை மறுபடி போய் அளக்கவில்லை. அதனால் பிந்தைய அச்சு ஒன்றில் விக்டோரியா காலத்து ரயிலும் நெப்போலியன் காலத்துக் காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். அந்த இரண்டையும் சேர்ந்தாற்போல் எந்த மனிதனும் பார்த்திருக்கவே முடியாது. மறுபதிப்புக்குக் கிடைத்தவை அந்தப் பிந்தைய அச்சுகள். தொகுப்பாசிரியர் ஜே. பி. ஹார்லி இதை மறைக்கவில்லை. எந்தத் தாள் எப்போது அளந்தது, எந்தத் திருத்தம் எப்போது ஏறியது என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பைப் படிக்காமல் படத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், படித்தால் அறுபது வருஷ மாற்றம் ஒரே தாளில் கிடைக்கும். 1975இலிருந்து ஹாரி மார்கரி எட்டுத் தொகுதிகளாகக் கொண்டுவந்த நகல்களில் முந்தைய அச்சுகளைத் தேடிப் பிடித்தார்கள். ரயில் வராத இங்கிலாந்து வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். கோட்டின் கூர்மையும் அதில் ஒரு படி மேல். மேட்டைக் காட்ட இழை இழையாக வெட்டிய சரிவுக் கோடுகள் தேய்ந்த தகட்டில் கரி அப்பியது போலாகிவிடும், ஆரம்ப அச்சில் ஒவ்வொரு இழையும் தனியாகத் தெரியும்.

காசினி என்ற பதிப்பாளர் வேறு வழியில் போனார்கள். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்பது 1:63,360. ஆர்டினன்ஸ் சர்வேயின் இன்றைய லேண்ட்ரேஞ்சர் வரைபடம் 1:50,000. பழையதைச் சுமார் 1.27 மடங்கு பெருக்கி, இன்றைய தாள் எல்லைக்குள் பொருத்தி, மேலே இன்றைய கட்டக் கோடுகளையும் போட்டுவிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் விரித்து வைத்து, அதே கட்டத்தில் அதே இடத்தைப் பார்க்கலாம். சுத்த நகல் வேண்டும் என்கிறவர்கள் இதை ஏற்பதில்லை. கோடு தடித்துவிடுகிறது, பழைய தாள்கள் சேரும் இடங்களில் சாலை லேசாக முறிகிறது என்பார்கள். உண்மைதான். ஆனால் என்ன செய்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்கிற மாற்றம் இது. கால்நடையாகப் போகிறவனுக்கு இதைவிட வசதி கிடையாது. என் பையில் அதிகம் கிழிந்திருப்பது இதுதான்.

இனி என் மனசுக்கு நெருக்கமானதுக்கு வருகிறேன். ஒரு மைலுக்கு 25 அங்குலம், அதாவது 1:2,500. 1850களில் தொடங்கியது. ஒரு தாள் ஒன்றரை மைல் அகலம், ஒரு மைல் உயரம், மொத்தம் 960 ஏக்கர். ஒரு தாளை எடுத்துக்கொண்டால் ஒரு கிராமத்துக்குள் குடியேறிவிடலாம். ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண், அதன் கீழே ஏக்கரில் மூன்று தசம இடம் வரை பரப்பளவு. (சில கவுண்டிகளின் முதல் பதிப்பில் பரப்பளவைத் தனிப் புத்தகமாகப் போட்டார்கள்.) ஓடை குறுக்கே போனாலும் இரு பக்கமும் ஒரே நிலம் என்றால், நீட்டிய எஸ் போன்ற ஒரு கொக்கி இரண்டையும் பிணைக்கும். கிணற்றுக்கு ஒரு டபிள்யூ, அடிபம்புக்கு ஒரு பி, ஒற்றையடிப் பாதைக்கு எஃப்.பி. கொல்லன் பட்டறை, செங்கல் சூளை, களிமண் எடுத்த பள்ளம், ஆடுகளைக் குளிப்பாட்டும் துறை, வழி தவறிய மாடுகளை அடைக்கும் பட்டி என்று எல்லாவற்றையும் பெயரோடு எழுதியிருக்கிறார்கள். முதல் பதிப்பில் வேலியோரத்து மரங்களைக்கூட ஒவ்வொன்றாகக் குறித்தார்கள், பிறகு அந்த வழக்கம் நின்றுவிட்டது. இன்று ஒரு தனி ஓக் மரம் உழுத நிலத்தின் நடுவில் சம்பந்தமில்லாமல் நிற்கும். நகலை எடுத்துப் பார்த்தால் அந்த இடத்தில் ஒரு வேலி ஓடியிருக்கும், அதன் வரிசையில் இந்த மரமும் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெரிய இயந்திரங்களுக்கு இடம் விட வேலிகளைப் பிடுங்கிப் போட்டபோது மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள்.

வேலியின் வளைவையும் படிக்கலாம். சில கிராமங்களில் வேலிகள் சவரக்கத்தி வைத்து வெட்டியது போல நேராக இருக்கும், சாலைகளும் நேர், இரு வேலிகளுக்கு நடுவே நாற்பது அடி. அது நாடாளுமன்றச் சட்டம் போட்டு, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அதற்குப் பின்னும், பொது நிலத்தைப் பங்கு பிரித்து வேலி அடைத்த ஊர். அளவைக்காரர் மேசையில் போட்ட கோடு நிலத்தில் இறங்கியிருக்கிறது. வேறு சில ஊர்களில் வயல்கள் நீளநீளமாக, எஸ் எழுத்தைத் திருப்பிப் போட்டது போல மெல்ல வளைந்திருக்கும். அந்த வளைவு எருதுகளால் வந்தது. நீண்ட எருதுப் பூட்டை வரப்பு முனையில் திருப்ப வேண்டுமானால் முன்கூட்டியே ஒரு பக்கம் ஒதுங்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக அப்படி உழுததில் பட்டை நிலமே வளைந்துவிட்டது. பிறகு யாரோ நாலைந்து பட்டைகளைச் சேர்த்து வேலி போட்டபோது வேலியும் அதே வளைவில் போனது. குளிர்காலச் சாயங்கால வெயில் தாழ்வாக விழும்போது மேய்ச்சல் நிலங்களில் அந்த உழவு மேடுகள் அலை அலையாக எழும்பித் தெரியும். நகலைக் கையில் வைத்துக்கொண்டு வளைந்த வேலியையும் அலைமேட்டையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கிற சந்தோஷத்தை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த 25 அங்குல வரிசையில் நகரப் பகுதிகளை ஆலன் காட்ஃப்ரி என்பவரின் பதிப்பகம் பல ஆண்டுகளாகக் கையடக்கமாகச் சுருக்கி வெளியிடுகிறது. பின்பக்கத்தில் அந்த ஊரின் வரலாறு. விலை குறைவு, வேலை சுத்தம். கிராமங்களுக்கு அதே அக்கறை அவ்வளவாகக் கிடைக்கவில்லையே என்பது என் குறை. வாங்க ஆள் குறைவு என்பதுதான் காரணமாக இருக்கும். பழைய தாள்களை இப்படி மறுபடி அச்சிட முடிவதற்குக் காரணம், அரசின் பதிப்புரிமை ஐம்பது ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. நகலெடுக்கும் கலையில் ஆர்டினன்ஸ் சர்வேயே ஒரு முன்னோடி. ஹென்றி ஜேம்ஸ் தலைமையில் சவுதாம்ப்டனில் புகைப்படத்தைத் துத்தநாகத் தகட்டுக்கு மாற்றி அச்சிடும் முறையை வளர்த்தெடுத்து, 1861 முதல் 1863 வரை, 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப் பதிவேட்டையே அப்படி நகலாக வெளியிட்டார்கள். பதிவேட்டைப் பார்க்க லண்டனுக்குப் போக முடியாத ஓர் ஊர்ப் பாதிரியார் தன் கிராமத்தின் வரிகளைத் தன் வீட்டு மேசையில் வைத்துப் படிக்க முடிந்தது அதனால்தான்.

வயலின் பெயர் தெரிய வேண்டுமென்றால் ஆர்டினன்ஸ் சர்வேயை விட்டு தசமபாக வரைபடத்துக்குப் போக வேண்டும். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுத்த முறையை 1836 சட்டம் பண வாடகையாக மாற்றியது. எந்த நிலத்துக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க இங்கிலாந்து, வேல்ஸின் முக்கால் பங்குப் பரப்பை, பாரிஷ் பாரிஷாக (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) அளந்தார்கள். வரைபடத்தோடு ஒரு பதிவேடு. நிலத்தின் எண், சொந்தக்காரர், பயிர் செய்கிறவர், வயலின் பெயர், உழவா புல்லா காடா, பரப்பளவு, கட்ட வேண்டிய தொகை. மூன்று பிரதிகள்: தசமபாக ஆணையத்துக்கு ஒன்று, மறைமாவட்டத்துக்கு ஒன்று, பாரிஷுக்கு ஒன்று. ஒன்று மங்கியிருந்தால் இன்னொன்றைத் தேடிப் போகலாம் என்பதால் நகலெடுப்பவர்களுக்கு இது பெரிய வரம்.

என் பெரியப்பா தஞ்சாவூர்ப் பக்கம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தசமபாக வரைபடத்தின் நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"டேய், இது செயின் கணக்குடா. அங்குலத்துக்கு மூணு செயின்னு போட்டிருக்கான் பாரு."

"ஆமா பெரியப்பா. அறுபத்தாறு அடி செயின். கன்ட்டர் செயின்."

"அதேதான். நாங்க பழைய எஃப்எம்பியை, அதான் புல அளவுப் புத்தகத்தை, லிங்க்ஸ்லதான் படிச்சோம். நூறு லிங்க் ஒரு செயின், பத்துச் சதுரச் செயின் ஒரு ஏக்கர். இந்தப் பதிவேட்டுல பேரு, பட்டாதாரர், நஞ்சையா புஞ்சையான்னு எல்லாம் இருக்கே. அடங்கல் மாதிரியே போட்டிருக்கான்."

அவர் சொன்னது சரி. எட்மண்ட் கன்ட்டர் 1620 வாக்கில் வகுத்த சங்கிலி அது. நம் ஊரில் மனை வாங்கும்போது சொல்கிற ஒரு சென்ட் என்பதும் அந்தச் சங்கிலியில் ஆயிரம் சதுர லிங்க்தான். இங்கிலாந்துக்காரர்களுக்குச் சென்ட் கணக்கு தெரியாது. ரூடு, பெர்ச் என்று சொல்வார்கள். பெரியப்பா அந்த நகலைப் பெரிதாக்கி, எல்லைக் கோடுகள் மூடவில்லை, இந்த மூலையில் அளவு தவறு என்று சொல்லிக்கொண்டே போனார். உண்மையில் தசமபாக வரைபடங்களில் முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிவே இருந்தது. ஆணையம் சோதித்து முத்திரை வைத்தவை சிறுபான்மைதான். எந்தத் தரம் என்பதை நகல் போடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. இது எனக்குத் தொடர்ந்து உறுத்துகிற விஷயம்.

இந்த மாதிரி வரைபடங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நாட்டிங்ஹாம்ஷைரின் லாக்ஸ்டனைச் சொல்வேன். 1635இல் மார்க் பியர்ஸ் வரைந்தது, மூலம் ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. ஊரின் பெரிய, வேலியில்லாத திறந்த வயல்களும் அதில் ஆயிரக்கணக்கான பட்டைகளும் தனித்தனியாக வரையப்பட்டிருக்கின்றன. நடுவே சின்னச் சின்ன மனிதர்கள் ஏர் பிடிக்கிறார்கள், அறுக்கிறார்கள், வேட்டைக்குப் போகிறார்கள். அந்த மனிதர்களை அளவையில் சேர்க்க எந்தத் தேவையும் இல்லை, ஆனாலும் வரைந்திருக்கிறார். மற்ற ஊர்கள் அநேகமாக எல்லாம் வேலி அடைத்துக்கொண்ட பிறகும் லாக்ஸ்டனில் மூன்று திறந்த வயல்கள் இன்றும் உழவில் இருக்கின்றன. மேற்கு வயல், தெற்கு வயல், மில் வயல். ஒன்றில் குளிர்காலக் கோதுமை, ஒன்றில் வசந்தப் பயிர், ஒன்று தரிசு அல்லது தீவனப்புல் என்று சுழற்சி. நவம்பர் கடைசியில் ஊர் ஜூரி வயலுக்குப் போய், யாராவது பொதுவழியை உழுதுவிட்டார்களா என்று பார்த்து முளை அடிக்கிறது. தப்புச் செய்தவருக்கு ஊர் நீதிமன்றம் அபராதம் போடுகிறது. நகலைக் கையில் வைத்துக்கொண்டு அங்கே நடந்தேன். பட்டைகள் இப்போது பெரிதாகிவிட்டன, எண்ணிக்கை குறைந்துவிட்டது. ஆனால் உழமுடியாத ஈரப் பள்ளங்களில் விட்டுவைத்த புல் கீற்றுகள் வரைபடத்தில் இருக்கும் இடத்திலேயே இருந்தன.

இதெல்லாம் பழசை ரசிக்கிறவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்தால், பொது வழிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1949 சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் மக்கள் நடக்க உரிமையுள்ள பாதைகளைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பல பாதைகள் விட்டுப்போயின. அவற்றைச் சேர்க்க 2026 வரைதான் அவகாசம் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் கெடு வைத்தது. பிறகு அது 2031க்குத் தள்ளிப்போனது, கெடுவையே நீக்குவதாக 2024 இறுதியில் அரசு அறிவித்தது. இதற்கிடையே 2020இல் ராம்ப்ளர்ஸ் என்ற நடைப்பயணிகள் அமைப்பு தன்னார்வலர்களைக் கூட்டி, பழைய வரைபடங்களின் நகல்களை இன்றைய வரைபடத்தோடு கட்டம் கட்டமாக ஒப்பிட வைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து 49,000 மைலுக்கும் மேல் விட்டுப்போன பாதைகள் கிடைத்தன. வீட்டில் உட்கார்ந்திருந்த ஆயிரக்கணக்கான சாதாரண மனிதர்கள் கண்டுபிடித்தவை அவை.

ஆனால் ஒன்று. 1880களின் இறுதியிலிருந்து ஆர்டினன்ஸ் சர்வே வரைபடங்களின் ஓரத்தில் ஒரு வரி வரும்: இதில் சாலையோ பாதையோ காட்டப்பட்டிருப்பது வழி உரிமைக்குச் சான்று ஆகாது. பாதை தரையில் இருந்தது என்பதற்கு அது சாட்சி, யாருக்கு உரிமை என்பதற்கு இல்லை. உரிமைக்கு, பொது நிலத்தைப் பங்கு பிரித்த வேலியடைப்புத் தீர்ப்பு, தசமபாகப் பதிவேடு போன்றவற்றையும் சேர்த்து வைக்க வேண்டும். வாசிப்புக்கு இடையூறு என்று ஓர எழுத்தை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் போடுகிற நகல்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வெட்டிப் போட்டது அந்த ஒரு வரியையும், அளந்த ஆண்டையும், திருத்திய ஆண்டையும்.

இப்போது ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இங்கிலாந்தின் பழைய தாள்களையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பழையதும் இன்றைய வான்படமும் பக்கம் பக்கமாக நகரும். ஓரக் குறிப்புகளோடு முழுத் தாளையும் தனியே பார்க்கலாம். அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனால் திரையில் ஒரு வயலைத்தான் பார்க்கிறோம், தாளை விரித்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. எந்தப் பாதை எந்தச் சந்தைக்குப் போனது, ஆலைக்கு ஏன் மூன்று வழி, தேவாலயத்துக்கு எட்டத்தில் இருந்த குடிசைகள் யாருடையவை என்கிற கேள்விகள் எனக்குத் தாளைப் பார்த்தால்தான் எழுகின்றன.

பதிப்பாளர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தசமபாக வரைபடத்தை அச்சிடுகிறவர்கள் பதிவேட்டையும் கூடவே அச்சிட வேண்டும். அநேகமாக எல்லோரும் படத்தை மட்டும் போடுகிறார்கள். 214 என்று எண் இருக்கும், அந்த 214இன் பெயர் என்ன, அங்கே யார் உழுதார் என்பது இன்னோர் ஆவணத்தில் கிடக்கும். சில கிராமங்களில் உள்ளூர் வரலாற்றுக் குழுக்கள் தாங்களே பதிவேட்டைத் தட்டச்சு செய்து, எண்களுக்கு நேராகப் பெயர்களைப் போட்டு, தேவாலயத்து மேசையில் சில பவுண்டுகளுக்கு விற்கிறார்கள். ஸ்டேப்ளர் அடித்த மெல்லிய புத்தகம், தாளும் சாதாரணம். இங்கிலாந்துக் கிராமப்புறத்தின் வரைபட நகல்களில் நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான்.